மூன்றாம் வினாவின் விடை

இராயபுரத்தில் நான் பணியாற்றி ஓய்வு பெற்ற பள்ளியில் இப்போது தமிழ் கற்பித்துவரும் இளம் ஆசிரியை ஒருவர் சென்ற மாதம் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை ஒரு கதை நூலைப் படிக்கச் செய்து, அதைத் தழுவி எடுத்த படத்தையும் காட்டி, இரண்டையும் ஒப்பிட்டு எழுதப் பழக்கும் பணி அவருக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. நூலக அலமாரியைத் துழாவியபோது என் பழைய குறிப்பேடு அவர் கையில் அகப்பட்டிருக்கிறது. அதில் மாணவர்களுக்காக நான் வகுத்து வைத்த மூன்று வினாக்களில் மூன்றாவதைச் சிவப்பு மையால் நானே அடித்திருந்தேன். "முதல் ரெண்டும் யாரும் கேக்கிற கேள்விதான் சார். மூணாவதுதான் நல்லா இருக்கு. அதைப் போய் ஏன் அடிச்சீங்க?" என்று கேட்டார்.

தொலைபேசியில் சொல்லி முடிக்கக்கூடிய காரியமன்று. எழுதித் தருகிறேன் என்றேன். அவர் பத்து வரிகளை எதிர்பார்த்திருக்கக்கூடும். பத்து வரிகளில் எழுத என்னால் இயலவில்லை.

நான் ஆசிரியன் அல்லேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது முறை. எட்டாம் வகுப்போடு என் பள்ளிப் படிப்பு நின்றது. திருவொற்றியூரில் அக்காலத்தில் இருந்த திரையரங்கு ஒன்றில் ஆபரேட்டருக்கு எடுபிடியாகச் சேர்ந்து, பின்னர் நானே ஆபரேட்டராகிப் பன்னிரண்டு ஆண்டுகள் படம் ஓட்டினேன். ஒரு சுருள் ஓடி முடிவதற்குள் கிடைக்கும் நேரத்தில், ஆபரேட்டர் அறையின் சிறு விளக்கடியில், வாடகை நூல்நிலையத்துப் புத்தகங்களைப் படித்தேன். நான் பெற்ற கல்வி அவ்வளவே. ஒரே வாரத்தில் நூலாகப் படித்ததையே படமாக ஓட்ட நேர்ந்த சில சமயங்களில், நூலில் இருந்த ஒருவர் படத்தில் இல்லாமற் போனதைக் கண்டு, அவருக்கு என்ன ஆயிற்று என்று தனியே யோசித்துக்கொண்டிருப்பேன். அரங்கை மூடியபின் இப்பள்ளியில் நூலக உதவியாளனாக அமர்த்தப்பட்டேன். புத்தகங்களின் தூசு தட்டுவதும், எண் ஒட்டுவதும், மணி அடித்தால் எடுத்துக் கொடுப்பதும் என் வேலை.

தலைமையாசிரியர் அந்தோணிசாமி அவர்களைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல முடியாது. உயரமான, மெலிந்த மனிதர். பெருக்குபவர் வரை எல்லோரையும் 'ஐயா', 'அம்மா' என்றே அழைப்பார். எதிரில் நிற்பவர் பேசி முடிக்கும்வரை பேனாவின் மூடியைக் கழற்றி இடக்கையில் வைத்திருப்பார். மூடியைப் பேனாவில் பொருத்திவிட்டாரென்றால் முடிவு செய்துவிட்டார் என்று பொருள். அதற்குப் பிறகு பேசிப் பயனில்லை. வகுப்புகளை மேற்பார்வையிட உள்ளே வரமாட்டார். ஜன்னலுக்கு வெளியே, நமக்கு முதுகைக் காட்டியபடி, மைதானத்தைப் பார்ப்பவர்போல நின்று கேட்டுக்கொண்டிருப்பார்.

ஒன்பதாம் வகுப்புக்கு வாரம் ஒரு நூலகப் பாடவேளை உண்டு. அதை எடுக்க எந்த ஆசிரியரும் முன்வருவதில்லை. பிள்ளைகள் தூங்குவார்கள், தூங்காதவர்கள் அடித்துக்கொள்வார்கள். அவர்களை அடக்குவதற்காக ஒரு நாள் நான் ஓட்டிய படம் ஒன்றையும் அதன் மூலக் கதையையும் பற்றிப் பேசத் தொடங்கினேன். பேசி முடித்துத் திரும்பியபோது ஜன்னலில் அந்த முதுகு தெரிந்தது. மறுநாள் அறைக்கு அழைத்தார். "ஐயா, நீங்க வாத்தியார் இல்ல" என்றார். இல்லை என்றேன். "வகுப்ப நடத்துங்க. ஆனா காகிதத்துல அது என் வகுப்பு. பதிவேட்டுல என் கையெழுத்துதான் இருக்கும். நாளைக்கு ஏதாவது ஆனா நான்தான் நிக்கணும். அப்படி எதுவும் ஆகாம நடத்துங்க." மூடியைப் பொருத்தினார்.

அவ்வாறு ஏறத்தாழ பத்தாண்டுகள் அவ்வகுப்பை நடத்தினேன். ஆசிரியைக்குப் பயன்படும் என்பதால் முறையை விரிவாகவே எழுதுகிறேன். முதல் மூன்று வாரம் படத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. பார்த்தவர்களும் பார்த்ததாகச் சொல்லக் கூடாது. ஆளுக்கு ஒரு பக்கமாக நூலை உரக்கப் படிக்க வேண்டும். நான்காம் வாரம் வேதியியல் ஆய்வகத்தின் ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மறைத்துப் படத்தைத் திரையிடுவேன். பார்க்கும்போது எவரும் குறிப்பெடுக்கக் கூடாது. எழுதுவது மறுநாள்தான். ஓர் இரவு கழிந்தும் மனத்தில் தங்கியிருப்பதே ஒப்பிடத் தக்கது என்பது என் கருத்து. இப்போதும் அக்கருத்தே.

பிறகு நோட்டுப் புத்தகத்தில் பக்கத்தின் நடுவே கோடு கிழித்து, இடப்புறம் நூல், வலப்புறம் படம் என்று எழுத வேண்டும். அதன்கீழ் மூன்று வினாக்களுக்கும் விடை. நூலில் இருந்து படத்தில் விடுபட்டது யாது? நூலில் இல்லாமல் படத்தில் சேர்ந்தது யாது? இம்மாற்றத்தால் நன்மை அடைபவர் யார்?

முதல் இரண்டுக்கும் பிள்ளைகள் மளமளவென்று எழுதிவிடுவார்கள். மூன்றாவதில்தான் பேனாவைக் கடிப்பார்கள். "கதாநாயகர்", "தயாரிப்பாளர்", "பாட்டு எழுதியவர்" என்று வரும். டில்லிபாபு என்று ஒருவன் எழுந்து நின்று, "கேன்டீன்காரருக்குதான் சார் நன்ம. புக்குல எடவேளையே கெடையாது, சமோசா எப்டி போணியாவும்?" என்றான். வகுப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. ஜன்னலில் அந்த முதுகும் குலுங்கியதைப் பார்த்தேன். அந்த விடைக்கு நான் மதிப்பெண் கொடுத்தேன். அதில் நியாயம் இருந்தது.

இனி, நான் வகுத்த மற்றொரு விதி. நோட்டில் வீட்டாரிடம் கையொப்பம் வாங்கி வருவது பள்ளியின் வழக்கம். பிள்ளைகள் பாதிப் பேர் தாங்களே போட்டுக்கொண்டு வருவார்கள். அதைத் தடுக்கவும், கூடவே வீட்டில் உள்ளவர்கள் காதிலும் நான்கு நல்ல வரிகள் விழட்டும் என்று விரும்பியும், கையொப்பம் இடுபவர் விடைகளை வீட்டாருக்கு உரக்கப் படித்துக் காட்டிய பிறகே கையொப்பம் இட வேண்டும் என்று விதித்தேன். எழுதிய பிள்ளையே படித்தால் எழுதாததையும் சேர்த்துப் படிக்கும் என்பதால், எழுதியவர் படிக்கக் கூடாது. படிக்கும்போது குறுக்கே பேசவும் கூடாது என்று சொல்லியிருந்தேன். இந்த விதியைப் பற்றி எனக்குப் பெருமை இருந்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஒருவர் பள்ளிக்கே வந்து, "ஆறாங்கிளாசுக்கு அப்புறம் நேத்துதான் சார் வாய்விட்டுப் படிச்சேன், எம்பொண்டாட்டி சிரிச்சிட்டா" என்று சொல்லிவிட்டுப் போனதுண்டு.

அந்த ஆண்டு நான் தேர்ந்தெடுத்த நூல் ஒரு குறுநாவல். அதன் பெயரையும் படத்தின் பெயரையும் எழுதப் போவதில்லை. நடந்ததற்கு அவை பொறுப்பல்ல. எண்ணெய்த் தொட்டிகளைக் கழுவும் தொழிலாளர்களைப் பற்றிய கதை. நம் பகுதியில் எண்ணூர் வரை நெடுகிலும் நிற்கின்றனவே, அத்தகைய தொட்டிகள். அடியில் படிந்த சகதியை ஆள் இறங்கித்தான் வழிக்க வேண்டும். இறங்குபவரின் இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்பார். கதையில் முதலில் இறங்கியவர் நச்சுக்காற்றில் மயங்கி விழுகிறார். மேஸ்திரி இரண்டாமவரைப் பார்த்து ஒரே சொல் சொல்கிறார்: "இறங்கு." அவரும் இறங்குகிறார். இருவரும் பிணமாக வருகிறார்கள். அடுத்த அத்தியாயம் விசாரணை. கயிறு பிடித்தவர் அங்கே தலைகுனிந்து, "அவராகவே இறங்கினார்" என்று சொல்கிறார். படத்தில் மேஸ்திரியின் சொல் இல்லை, விசாரணையும் இல்லை. இரண்டாமவர் நண்பனைக் காப்பாற்ற எல்லோரையும் உதறிவிட்டுத் தொட்டிக்குள் பாய்கிறார். பின்னணி இசை பெருகுகிறது. ஆய்வகத்தில் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

ஜெசிந்தா இரண்டாவது வரிசையில் அமர்பவள். அதிகம் பேசமாட்டாள். தந்தை இறந்துவிட்டார் என்று சேர்க்கைப் பதிவேட்டில் இருந்தது. எங்கள் வகுப்புகளில் அப்படிச் சில பிள்ளைகள் எல்லா ஆண்டும் உண்டு. துறைமுகம், இரயில் பாதை, கடல், தொழிற்சாலை என்று ஏதேனும் ஒன்றில் தந்தையை இழந்தவர்கள். எதில் என்று நான் கேட்டதில்லை. கேட்டு மனம் வருந்தச் செய்யலாகாது என்று எண்ணியிருந்தேன். கேட்டிருக்க வேண்டும். இந்நூலை இவ்வகுப்புக்கு எடுக்குமுன் கட்டாயம் கேட்டிருக்க வேண்டும்.

மூன்றாம் வினாவுக்கு அவள் எழுதிய விடை எனக்கு மனப்பாடம். அதை அப்படியே தருகிறேன்:

"நூலில் 'அவராகவே இறங்கினார்' என்பது கயிறு பிடித்தவர் விசாரணையில் சொல்லும் வாக்கியம். மேஸ்திரி 'இறங்கு' என்று சொன்னதை முன்பே படித்துவிட்டதால் அது பொய் என்று நமக்குத் தெரியும். படத்தில் அந்தப் பொய்யையே நடந்ததாகக் காட்டிவிட்டார்கள். அவராகவே இறங்கினார் என்றால் யாரும் அவரை அனுப்பவில்லை என்று ஆகும். ஆகவே நன்மை அடைபவர் அவரை அனுப்பியவர். என் அப்பாவும் அவராகவே இறங்கினார் என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வார்கள்."

அந்த நூலை நான் அதற்கு முன் பலமுறை படித்தவன். படத்தையும் பலமுறை பார்த்தவன். விசாரணையில் சொல்லப்பட்ட பொய் திரையில் நிகழ்ச்சியாகிவிட்டது என்பது எனக்குத் தோன்றியதேயில்லை. பதினான்கு வயதுப் பெண் கண்டுபிடித்துவிட்டாள். நான் இருக்கையைவிட்டு எழுந்து நூலகத்துக்குள் இரண்டு சுற்று நடந்தேன். பத்துக்குப் பத்து போட்டேன். கடைசி வரியைப் படித்தபோது நான் நின்றிருக்க வேண்டும். என் கண் அதற்கு முந்தைய வரியிலேயே மகிழ்ந்து நின்றுவிட்டது. வழக்கம்போல் கையொப்பம் வாங்கிவர நோட்டை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன்.

மறுநாள் காலை வழிபாடு முடிந்தவுடன் அவள் நூலகத்துக்கு வந்து மேசை அருகே நின்றாள். கையில் நோட்டு இல்லை.

அவள் வீட்டில் தாய் மரியபுஷ்பம் அம்மாளுக்கு எழுத்து தெரியாது. அவர் காசிமேட்டில் கருவாடு வாங்கித் தெருத்தெருவாக விற்பவர். அவருடைய தம்பி சேவியர்தான் வீட்டின் காப்பாளர். எல்லாப் பதிவேட்டிலும் கையொப்பம் அவருடையது. முதல்நாள் மாலை தாய் கருவாட்டுக் கூடையை இறக்கிவைத்து அமர்ந்ததும், சேவியர் என் விதிப்படியே நோட்டைப் படித்துக் காட்டியிருக்கிறார்.

"மொத ரெண்டு கேள்விக்கும் நான் எழுதின மாரியே படிச்சாரு சார். மூணாவது வந்தப்போ கொஞ்ச நேரம் நோட்டயே பாத்துகினு இருந்தாரு. அப்புறம் படிச்சாரு. தோஸ்த்தக் காப்பாத்த எறங்கினாரு, அதனால பாக்கறவங்களுக்கு அவரு மேல மரியாத வருதுன்னு படிச்சாரு. நான் அத எழுதவே இல்ல சார்."

நீ ஏதேனும் சொன்னாயா என்று கேட்டேன்.

"எழுதினவங்க குறுக்கப் பேசக் கூடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?" என்றாள். பிறகு, "கையெழுத்துப் போடாம நோட்ட எடுத்துகினு வேலைக்குப் போய்ட்டாரு" என்றாள்.

அவள் போகவில்லை. மேசையின் விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றாள். விடையை எழுதியபோது அவளுக்கு ஐயம் ஏதும் இருந்திருக்கவில்லை. ஒத்திருந்த ஒன்றைக் கண்டு, ஒத்திருக்கிறது என்று எழுதினாள், அவ்வளவே. தன் மாமன் எதை விட்டுவிட்டுப் படித்தார் என்பதைக் கேட்ட பிறகுதான் அது ஐயமாயிற்று. விடுபட்டதைக் கவனிக்க அவளைப் பழக்கியவன் நான்.

"சார், எங்க அப்பாவ யாராவது அனுப்பிச்சாங்களா?"

வகுப்புக்குப் போ, நேரமாகிறது என்றேன். என் பணிக்காலத்தில் ஒரு மாணவரின் வினாவுக்கு நான் கூறிய மிகத் தாழ்ந்த விடை அதுவே.

அதற்கு அடுத்த நாள் சேவியர் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். சலவை செய்த சட்டை. பையில் தொழிற்கூட நுழைவு அட்டை. நோட்டைச் செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். சண்டைக்கு வந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"உன்னத் திட்ட வரல சார். நல்ல ஆளுன்னுதான் புள்ள சொல்லுது. ஆனா இத்த எங்க அக்காவுக்குப் படிச்சுக் காட்டுன்னு அனுப்பிக்கீறியே, நான் எப்டி சார் படிப்பேன்?" என்றார்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். அக்கா கணவர் லூர்துவும் அவரும் ஒரே ஒப்பந்தக்காரரிடம் தொட்டி கழுவும் வேலையில் இருந்தவர்கள். அன்று முதலில் இறங்கியவர் விழுந்துவிட்டார். முகமூடி வேறொரு தொட்டியருகில் இருந்திருக்கிறது. எடுத்து வர ஆள் ஓடியிருக்கிறார்.

"அவன் வர்றதுக்குள்ள உள்ள கீறவன் செத்துடுவான், நீ எறங்குடான்னான் மேஸ்திரி. மாமா என்னத் திரும்பிப் பாத்தாரு சார். கயிறு என் கையிலதான் இருந்துச்சு. வாணாம் மாமான்னு ஒரு வார்த்த, வாயில வரல. எறங்கிட்டாரு."

விசாரணையில் என்ன சொன்னீர்கள் என்று அப்போதுதான் கேட்டேன்.

"நோட்டுலதான் எழுதிக்கீதே சார், கயிறு புடிச்சவன் இன்னா சொன்னான்னு." நோட்டைச் சுற்றியிருந்த செய்தித்தாளைப் பிரித்தார். "வேற மாரி சொல்லிருந்தா மறுநாளு எங்க யாருக்கும் கம்பெனி கேட்டு தொறந்திருக்காது. அக்கா வூட்ல யாரு சார் அடுப்பு மூட்டறது? இன்னிக்கு வரைக்கும் நான்தான் மூட்டறேன். அடக்கத்தப்போ சாமியாரே கோயில்ல சொன்னாரு, கூட வேல செஞ்சவனுக்காக உயிரக் குடுத்தவருன்னு. அக்காவுக்கு மிச்சம் அது ஒண்ணுதான். நீ அத்தயும் புடுங்கிக்காத சார். வேற எழுதச் சொல்லு. நான் கையெழுத்துப் போட்றேன்."

கல்வி பெற்ற ஓர் ஆசிரியர் அந்த இடத்தில் என்ன செய்திருப்பார் என்று இன்றும் எனக்குத் தெரியாது. நான் சேவியரை வெளியே அமரவைத்து, நோட்டை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியரிடம் போனேன்.

அந்தோணிசாமி அவர்கள் மூடியைக் கழற்றி இடக்கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். நோட்டை வாங்கி அந்தப் பக்கத்தைப் படித்தார். கண்ணாடியைத் துடைத்து அணிந்து மறுபடியும் படித்தார். "இந்தப் பொண்ணு எழுதின மாதிரி என் பட்டதாரி ஆசிரியருங்ககூட எழுத மாட்டாங்க ஐயா" என்றார். என் நெஞ்சில் சிறு நம்பிக்கை பிறந்தது. தொடர்ந்து, "இது பள்ளிக்கூடத்து நோட்டு. மார்க்கு போட்டிருக்கு. நாளைக்கு ஒரு வக்கீல் கையில இது போனா, எழுதின பிள்ளைய யாரும் கேக்க மாட்டாங்க. எழுத வச்சது யாருன்னு கேப்பாங்க. நீங்க காகிதத்துலயே இல்ல. நான் இருக்கேன். அந்தத் தாளை எடுத்துடுங்க" என்றார்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அந்தப் பெண் உண்மையைக் கேட்கிறாள் என்று சொல்ல நினைத்தேன் என்றுதான் இப்போது எனக்குத் தோன்றுகிறது. உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதற்குள் அவர் மூடியைப் பொருத்திவிட்டார்.

நடுவில் தைத்த நோட்டில் ஒரு தாளைக் கிழித்தால், மறுபாதியில் அதன் இணைத்தாளும் கழன்று வந்துவிடும். அதில் அவள் வேறொரு கதையைப் பற்றி எழுதியிருந்தாள். அதைப் பசை தடவி மறுபடி ஒட்டினேன். கிழித்த தாளைச் சேவியரிடம் கொடுத்தேன். அவர் அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில், நுழைவு அட்டைக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். நன்றி சொல்லவில்லை, அதற்காக அவரை நான் மதிக்கிறேன்.

பிற்பகல் ஜெசிந்தாவை அழைத்தேன். மூன்றாம் வினாவுக்கு வேறு விடை எழுதித் தரும்படி கேட்டேன்.

"நான் எழுதினது தப்பா சார்?"

தப்பில்லை என்றேன். ஆனால் ஆதாரம் போதாது என்றேன். கதையை வைத்துக்கொண்டு வாழ்க்கையில் நடந்ததை முடிவு செய்யலாகாது என்றேன். நல்ல தமிழில், அழுத்தம் திருத்தமாகச் சொன்னேன். நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் தன்னளவில் சரியானதே. அவள் தலையசைத்தாள். அங்கேயே அமர்ந்து கோடு பிசகாமல் எழுதினாள்: "இம்மாற்றத்தால் நன்மை அடைபவர்கள் படம் பார்ப்பவர்கள். அவர்கள் மனநிறைவோடு வீடு திரும்புகிறார்கள்." நோட்டை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

"இத்த மாமா முழுசாப் படிப்பாரு சார்" என்றாள்.

பத்துக்கு ஒன்பது போட்டேன். மறுநாள் கையொப்பத்தோடு நோட்டு வந்தது. அன்றே என் குறிப்பேட்டில் மூன்றாம் வினாவை அடித்தேன். வீட்டில் படித்துக் காட்டும் விதியையும் நீக்கினேன். தலைமையாசிரியர் எதையும் கேட்கவில்லை. அவர் ஓய்வு பெறும்வரை என் ஜன்னலருகே பிறகு வந்து நிற்கவுமில்லை. எதிர்ப்பட்டால் முன்னிலும் பணிவாக 'ஐயா' என்பார், நிற்காமல் போய்விடுவார்.

ஜெசிந்தா அதற்குப் பின் வந்த எல்லாக் கதைகளுக்கும் விடை எழுதினாள். குறை சொல்ல இடமில்லாத விடைகள். எந்த விடையிலும் அவள் எதையும் கண்டுபிடிக்கவில்லை.

அடுத்த ஆண்டு, பத்தாம் வகுப்பின் பாதியில், அவர்கள் இருந்த கடலோரக் குடிசைகளை அகற்றி, எர்ணாவூர் அடுக்குக் குடியிருப்பில் வீடு ஒதுக்கினார்கள். மாற்றுச் சான்றிதழ் வாங்க மரியபுஷ்பம் அம்மாள் வந்தார். ஜெசிந்தா சாமான்களோடு டெம்போவில் முன்பே போய்விட்டாளாம். நூலகப் புத்தகம் ஒன்று பாக்கி இருந்தது. அதைக் கொடுக்க என்னிடம் வந்தார். நான் பதிவேட்டில் அடித்துக் கொடுத்த பின்னும் நின்றார்.

"சாரு, எம் பொண்ணு அந்த டேங்கு கதைக்கு நோட்டுல இன்னா எழுதியிருந்தா?"

படம் பார்ப்பவர்கள் மனநிறைவோடு வீடு திரும்புகிறார்கள் என்று எழுதியிருந்தாள் என்றேன்.

"அது ரெண்டாந்தபா எழுதினது. மொதல்ல எழுதினத கேக்கறேன்."

அதுவும் ஏறத்தாழ அவ்வாறேதான். நண்பரைக் காப்பாற்ற இறங்கியதால் மரியாதை வருகிறது என்று இருந்தது என்றேன். சேவியர் படித்துக் காட்டிய வாக்கியத்தையே நானும் சொல்கிறேன் என்பதை, சொல்லி முடித்த பிறகே உணர்ந்தேன்.

அவர் கோபப்படவில்லை. "எனக்கு எழுத்து தெரியாது சாரு. அதனால எந்தம்பி படிச்சப்போ நோட்ட நான் பாக்கல. எம் பொண்ணு மூஞ்சியப் பாத்துகினு இருந்தேன். அவன் வாய் ஒண்ணு சொல்லுது, அவ மூஞ்சியில வேற ஒண்ணு ஓடுது. ஒரு வருசமா அவகிட்ட கேட்டுகினு கீறேன். சாரு கிழிச்சிட்டாருன்றா, அதுக்கு மேல வாயத் தொறக்க மாட்டேன்றா" என்றார். பின்பு, "நீயும் எந்தம்பி மாரியே படிக்கற" என்றார். அவர் குரலில் ஏளனம் இல்லை.

எழுந்து நின்றேன். ஒரு சொல் விடாமல் சொன்னேன், வகுப்பில் ஒப்பிக்கும் பிள்ளையைப் போல. கடைசி வரியையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும், "கயிறு புடிச்சவன்" என்ற சொல்லை மட்டும் மெல்லத் திருப்பிச் சொன்னார்.

"எங்க வூட்டுக்காரருக்குக் கயிறு புடிச்சது எந்தம்பி. உனக்குத் தெரியும் இல்ல?"

"தெரியும்" என்றேன்.

"அவன் உங்கிட்ட சொன்னானா?"

"சொன்னார்."

அவர் சான்றிதழ்க் காகிதத்தைப் புடவைத் தலைப்பால் சுற்றிக்கொண்டார். "எங்கிட்ட சொல்லிருக்கலாம்" என்றார். அது சேவியரைப் பற்றியா, என்னைப் பற்றியா என்று நான் கேட்கத் துணியவில்லை. படிக்கட்டில் இறங்கினார்.

நூலக ஜன்னலிலிருந்து பள்ளியின் வாயில் தெரியும். சேவியர் இரு சக்கர வண்டியைக் கிளப்பி, அக்காவுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். முன்புறம் ஓர் அரிசி மூட்டையும் ஒரு குத்துவிளக்கும் கட்டப்பட்டிருந்தன. எர்ணாவூருக்குப் போக அந்த அம்மாளுக்கு வேறு வண்டி இல்லை. போய்ச் சேர்ந்தாலும் அடுப்பு எரிய வேறு ஆளில்லை. வண்டியருகே சற்று நேரம் நின்றார். பின்னால் ஏறுவதற்குத் தம்பியின் தோளைப் பிடித்துத்தான் ஆக வேண்டும்; பிடித்தார். ஏறி அமர்ந்த பின் கையை எடுத்து, இருக்கையின் பின்கம்பியைப் பற்றிக்கொண்டார். சேவியர் திரும்பி ஏதோ கேட்டார். அந்த அம்மாள் முன்னால் பார்த்து ஓட்டும்படி கையைக் காட்டினார்.